அலசிய பாட்டில்

குடிநீர் நிலையத்தில் அவளுக்குச் சிடுமூஞ்சி என்று பெயர். வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. அவளிடம் கொஞ்சல் கேட்க வேண்டுமென்றால் அவள் தண்ணீர் சோதிக்கும் கண்ணாடித் தட்டாகப் பிறந்திருக்க வேண்டும். மணல் வடிகட்டிக்குள் போகும் தண்ணீரில் ஒரு பாட்டில், வெளியே வருவதில் ஒரு பாட்டில். இரண்டையும் தட்டில் ஊற்றிச் சூட்டில் வைத்தால், மறுநாள் முளைக்கும் கிருமிப் புள்ளிகள் வடிகட்டியின் வண்டவாளத்தைச் சொல்லிவிடும். ஒரு வாரமாக, வெளியே வந்த தண்ணீரின் தட்டில் புள்ளியே இல்லை. ஆனால் பக்கத்துத் தெருவில் வீட்டுக்கு வீடு வாந்தி பேதி.

அன்று காலை அந்தத் தெரு வெல்டர் இரும்புக் குழாயோடு நிலையத்துக்குள் புகுந்தார். பேதியில் போன மகளை முந்தின நாள்தான் புதைத்திருந்தார். வடிகட்டியைப் பார்த்துக்கொள்பவன் சிடுமூஞ்சியின் தம்பி. கையில் அகப்பட்டவனும் அவன்தான். முதல் அடியில் தோள் இறங்கியது. அடுத்த அடியில் பல் தெறித்தது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தார். அவள் ஓடிவந்து தம்பிமேல் விழுந்தாள்.

"அண்ணே, விடுங்கண்ணே. வடிகட்டி நல்லாத்தான் இருக்கு. சோதனைத் தட்ட என் கண்ணால பாத்தேன்."

"அப்ப என் புள்ள எதுல செத்துச்சு?"

அவர் தள்ளாடிப் போய், குழாயை மடியில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே தம்பியின் வாயைக் கழுவிவிட்டாள்.

"நான் எதுலக்கா குறை வச்சேன்? போன வாரம் சோதனைக்குத் தண்ணி பிடிக்கிற வேலைய எங்கிட்ட குடுத்ததிலேர்ந்து பாட்டிலக்கூட நல்லா அலசிட்டுத்தான் பிடிக்கிறேன். அடியில ஏதோ வெள்ளைப் பொடி கிடக்குதுல்ல."

அவள் கழுவுவதை நிறுத்தினாள். வடிகட்டியைத் தாண்டியதும் தண்ணீரில் கலக்கிற குளோரினைப் பாட்டிலிலேயே அடக்குவதற்குத்தான் அந்தப் பொடி. அது இல்லாவிட்டால் காலையில் பிடித்த தண்ணீர் மதியம் தட்டுக்குப் போவதற்குள் குளோரின் கிருமிகளைத் தீர்த்துக்கட்டிவிடும். ஓட்டை வடிகட்டியும் நல்ல பேர் வாங்கிவிடும். பக்கத்துத் தெருவுக்கோ தண்ணீர் உடனே போய்விடுகிறது. அங்கே குளோரினுக்கு அந்த அவகாசம் ஏது?

உடைந்த வாய் என்றும் பாராமல் பளார் பளாரென்று அறைந்தாள்.

"அந்தப் பொடி எதுக்குன்னு உன்னைக் கேட்டேன்க்கா. சொன்னதச் செய்டான்னு எரிஞ்சு விழுந்த."

ஓங்கிய கை அப்படியே நின்றது.

அவள் எழுந்துபோய் ஊருக்குத் தண்ணீர் போகும் வால்வை முழு பலத்தோடு திருகி மூடினாள். பிறகு வாசலுக்குப் போனாள்.

"அண்ணே, வடிகட்டி கெட்டுக் கிடக்கு. தம்பிமேல தப்பில்ல. எம்மேலதான்."

வெல்டர் எழுந்தார். குழாய் உயர்ந்தது. அவள் தடுக்கக் கையைத் தூக்கவில்லை.