வண்டி நிற்கும் இடம் வரை

கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற பிறகு, பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் நடத்திய மருத்துவ உதவிக் குழு ஒன்றுக்குச் சில ஆண்டுகள் செயலாளராக இருந்தேன். படுத்த படுக்கையாகிவிட்ட ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் புண் கழுவிக் கட்டுவோம், மூத்திரக் குழாய் மாற்றுவோம், புற்றுநோய்க்காரர்களுக்கு வலி மாத்திரை கொடுப்போம். ஊரில் அதற்குப் பாலியேட்டிவ் என்று பெயர். ‘பாலியேட்டிவ் வண்டி வந்தாச்சு’ என்றால் அந்த வீட்டு நோயாளிக்கு இனி ஆஸ்பத்திரி இல்லை என்று பொருள். எங்கள் சபைக்காரர்களும் இந்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து நடத்தியதால் குழுவில் சண்டை வருவதுண்டு. ஆனாலும் வேலை நடந்தது. வண்டியில் டிரைவர், ஒரு நர்ஸ், நான்.

குழுவின் விதிகளை எழுதியது நான். வண்டி பஞ்சாயத்து எல்லையைத் தாண்டாது என்பது அவற்றில் ஒன்று. எங்கள் பஞ்சாயத்து கேரளத்தின் ஓரத்தில் இருக்கிறது. இந்தப் பகுதியில் கேரளமும் தமிழ்நாடும் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகின்றன. ஒரே ஊடுவழியில் இந்த வீட்டுக்காரர் இங்கே வோட்டுப் போடுவார், அடுத்த வீட்டுக்காரர் அங்கே போடுவார். ஒரு வீட்டுக்கு அந்தப் பக்கம் போனால் பத்து வீட்டுக்காரர்கள் கூப்பிடுவார்கள் என்று நான் கூட்டத்தில் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. நியாயமாகத்தான் பட்டது, இன்றும் காகிதத்தில் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கிறது.

எல்லைக் கல்லுக்கு இப்புறம் ஒரு காலனி உண்டு. அங்கே மகள் வீட்டில் கிடந்த ஒரு பெண்ணுக்கு நாங்கள் வியாழக்கிழமைதோறும் போனோம். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிற்சாலையில், இளம் வயதிலிருந்து வேலை பார்த்தவர். கொட்டை எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்திருந்தன. மார்பில் வந்த நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. மார்பில் ஆறாத புண். நர்ஸ் அதைக் கழுவும்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு ஏதாவது பேசுவார்.

“சிஸ்டரே, நாறுதா?”

“இல்ல அம்மச்சி.”

“பொய் சொல்லாத பிள்ளே. எனக்கே நாறுது.”

மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, அவர் தன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். அந்த வீடு கல்லுக்கு அப்புறம், ரப்பர் சரிவின் அடியில், மகனோடு. காலனிக்காரர்களுக்குக் கல்லறைத் தோட்டம் கிடையாது, அவரவர் வீட்டு முற்றத்திலேயே அடக்கம் செய்வார்கள். அவருடைய கணவர் அந்த வீட்டுச் சுவரை ஒட்டி மண்ணுக்குள் கிடந்தார். மருமகன் வீட்டிலிருந்து சவம் இறங்குவது மகனுக்குக் குறைச்சல் என்ற எண்ணமும் இருந்தது.

“எனக்க வீட்டுல கிடக்கணும் சாறே. இஞ்ச இவியளுக்குக் காலு நீட்ட இடமில்ல.”

நான் மகனை வெளியே கூப்பிட்டு, வண்டி அங்கே வராது என்றேன்.

“ஏன் சாறே? இந்தா கிடக்குதே வீடு. கூப்பிட்டா கேக்கும்.”

“அது வேற ஸ்டேட். எங்களுக்கு வரக்கூடாது. சட்டம்.”

சட்டம் என்ற சொல் எப்படி என் வாயில் வந்தது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். விதி என்று சொல்லியிருந்தால் யாருடைய விதி என்று அவன் கேட்டிருப்பான். சட்டம் என்றதும் தலையை ஆட்டினான். சரிவின் அடியில் தெரிந்த வீட்டைப் பார்த்துவிட்டு, “அப்போ வியாழக்கிழமை நாங்க அம்மையைத் தூக்கி இஞ்ச அக்காவுக்க வீட்டுக்குக் கொண்டு வாறோம். நீங்க பாத்துட்டுப் போனதும் கொண்டு போறோம். அது செரியா சாறே?” என்றான்.

சரி என்றேன். சரி என்றது மட்டுமல்ல, எனக்கு அந்த ஏற்பாடு பிடித்தும் போனது. அடுத்த கூட்டத்தில், வீட்டுக்காரர்கள் ஒத்துழைத்தால் எந்தச் சிக்கலும் தீரும் என்பதற்கு உதாரணமாக அதைச் சொன்னேன்.

நர்ஸ் நெய்யாற்றின்கரைக்காரி. என்னைவிட நாற்பது வயது இளையவள். திரும்பி வரும்போது வண்டியில் சொன்னாள்: “முதுகெலும்புல நோய் உள்ள ஆளை மேடு ஏத்தக்கூடாது சாறே. மாத்திரைய மகள்கிட்ட கொடுத்து அனுப்பலாம். புண்ணு கெட்டுறதுக்கு நான் இறங்கிப் போயிட்டு வாறேன்.”

“ஒருத்தருக்குப் போனா எல்லாருக்கும் போகணும்.”

“அப்போ எல்லாருக்கும் போவோம்.”

டிரைவர் சிரித்தான். “டீசல் விலை குறைவுன்னு அடிக்கிறதுக்குக் களியக்காவிளைக்குப் போவலாம். புண்ணு கெட்டப் போவக்கூடாதாக்கும்.”

அவன் சொன்னது உண்மை. விலை குறைந்த நாட்களில் வண்டிக்கு டீசல் அந்தப் பக்கம்தான் அடித்தோம். அப்படிச் செய்யச் சொன்னதும் நான்தான். என் மனைவியே மார்த்தாண்டத்துக்காரி. எங்கள் வீட்டில் காய்கறி, துணி, பல் வைத்தியர் எல்லாம் எல்லைக்கு அப்பால். டிரைவரிடம் வாயை மூடிக்கொண்டு ஓட்டு என்றேன்.

ஒரு வியாழக்கிழமை அவர்கள் வரத் தாமதமானது. நான் இறங்கி எல்லைக் கல் வரை போனேன். கீழே மகனும் ஒரு பக்கத்து வீட்டுக்காரனும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்துகொண்டிருந்தார்கள். ரப்பர் மரங்களுக்கு வெட்டிய படிகளில் ஒவ்வொரு முறை கால் மாற்றும்போதும் நாற்காலி சாய்ந்தது. அவர் புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் கடித்திருந்தார். கத்தாமல் இருப்பதற்கு என்று எனக்குப் புரிந்தது. மகன், “இந்தா வந்தாச்சு அம்மை, இந்தா வந்தாச்சு” என்று சொல்லிக்கொண்டே வந்தான். மேலே வந்து நாற்காலியை இறக்கியதும் அவர் துணியை வாயிலிருந்து எடுத்தார். முகமெல்லாம் வியர்வை. என்னைப் பார்த்தார்.

“சாறுக்க வண்டிக்குக் காலுல நோவா? இதுக்கு மேல நடக்காதாக்கும்.”

கோபமாகச் சொல்லவில்லை. அண்டி ஆபீஸில் பக்கத்தில் இருப்பவளைக் கேலி செய்கிற குரல்தான். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றே நான் விதியை மாற்றியிருக்கலாம். குழுவில் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். பலரும் அந்த விதியை மறந்தேபோயிருந்தார்கள் என்று பின்னால் தெரிந்தது. நான் மாற்றவில்லை. எழுதியதை ஒருவருக்காக மாற்றினால் அது விதியே அல்ல என்று அப்போது நினைத்தேன். அவ்வளவு பேர் முன்னால் பாராட்டாகச் சொன்ன ஏற்பாட்டைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை என்பதே காரணமாக இருக்கலாம்.

ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய வாரம் அவர்கள் வரவில்லை. மகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வண்டிக்கு வந்தாள். “வழுக்குது சாறே. தூக்க ஒக்கல. அம்மை வரமாட்டேன்னு சொல்லியாச்சு.”

நர்ஸ் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். செருப்பைக் கழற்றி வண்டிக்குள் வைத்தாள்.

“சிஸ்டர், நில்லுங்க,” என்றேன்.

“சார் வண்டியில இருங்க. வண்டி எங்கேயும் போவல்ல. நான்தானே போறேன்.”

அவளும் மகளும் ஒரு குடையில் இறங்கிப் போனார்கள். டிரைவர் என்னைக் கண்ணாடியில் பார்த்தான். அவள் திரும்பி வருகிற வரைக்கும் நான் வண்டியில் இருந்தேன். வந்தவளின் புடவை முழங்கால் வரை சேறு. “உறங்குறாங்க,” என்றாள். “மாத்திரை கூட்டிக் கொடுத்திருக்கேன். இனி நான் தினமும் டியூட்டி முடிச்சு வருவேன். வண்டி வேண்டாம். பஸ் உண்டு.”

அடுத்த வியாழன் வரும் முன் அவர் இறந்துபோனார்.

அடக்கத்துக்கு நான் போனேன். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்கும் கல்யாண வீட்டுக்கும் எல்லை பார்க்கும் வழக்கம் இல்லை. அந்தக் கல்லைத் தாண்டிச் சரிவில் இறங்கும்போது சபையிலிருந்து வந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். வீடு வரை நடக்க அதிக நேரம் ஆகவில்லை. வீடு இரண்டு அறை. அவர் கிடந்த கட்டில் ஜன்னலோரம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால், மரங்களுக்கு இடையே, நாங்கள் வண்டியை நிறுத்தும் இடம் தெரிந்தது.

குழியை மூடிய பிறகு மகள் எனக்குக் கட்டன் சாயா கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் நின்றாள்.

“அம்மை உங்கள ஒரு குற்றமும் சொல்லல்ல சாறே. நான்தான் ஏசுவேன். அப்போ அம்மை சொல்லும், ‘ஏட்டி சும்மா கிட. சாறு என்ன செய்வாரு, கவர்மென்டு சட்டமாக்கும். அவருக்கும் வேலை போவாண்டாமா?’”

அப்படி ஒரு சட்டம் இல்லை என்றும், அதை எழுதியவன் நான்தான் என்றும், எனக்குப் போக ஒரு வேலையும் இருக்கவில்லை என்றும் அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் சாயாவைக் குடித்தேன்.

“ஆமாம் மக்கா,” என்றேன். “சட்டம் அப்படி.”

இப்போதும் அவள் என்னைச் சந்தையில் பார்த்தால் நின்று சுகம் விசாரிக்கிறாள்.