பாதியில் மாற்றிய ஷூவும் நலம் விசாரித்த அப்பாவும்

எங்கள் வீட்டுக்காரர் எந்தச் சண்டைக்கும் போகாதவர். இவர் கடையில் மோட்டார் வாங்கிய கஸ்டமர் திரும்பி வந்து சத்தம் போட்டால்கூட, "உக்காருங்க... டீ சாப்பிட்டுட்டுத் திட்டுங்க" என்பார். அப்படிப்பட்ட மனிதர், ஆர்.எஸ்.புரத்தில் சோபாவில் உட்கார்ந்தபடியே மெல்போர்னில் ஒரு பெரிய சண்டையை மூட்டிவிட்டார். எப்படி? நலம் விசாரித்து.

எங்கள் மகள் கீர்த்தனா அங்கே வேலை பார்க்கிறாள் என்பது இந்தப் பக்கத்தை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். வார நாட்களில் கம்ப்யூட்டர். ஞாயிறானால் ஃபுட்பால். நாம் பார்க்கிற ஃபுட்பால் இல்லை, ஆஸ்திரேலிய ஃபுட்பால். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். உதைக்கலாம், கையால் பிடித்துக்கொண்டு ஓடலாம். பந்து உயரே வந்தால், முன்னால் நிற்பவர் முதுகில் முட்டியை வைத்து எகிறிப் பிடிக்கலாம்... அதற்குக் கைதட்டவும் செய்வார்கள். ஹெல்மெட் கிடையாது. பெற்ற வயிறு என்ன பாடுபடும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

அங்கே மதியம் மேட்ச் என்றால் நமக்கு டிபன் நேரம். கிளப்காரர்கள் லைவ் போடுவார்கள். டிவியில் அதை ஓடவிட்டு, தட்டில் இட்லியோடு உட்கார்ந்துவிடுவோம். யூசுப் பாயும் வந்துவிடுவார். வீட்டுக்காரருடைய பள்ளிக்கூடத் தோழர், டவுன்ஹால் பக்கம் செருப்புக் கடை வைத்திருக்கிறார். ஆட்டம் புரிகிறதோ இல்லையோ, யார் என்ன ஷூ போட்டிருக்கிறார்கள் என்பதில்தான் அவர் கண் இருக்கும்.

அன்றைக்கு அரையிறுதி. ஜெயித்தால் ஃபைனல். கீர்த்தனாவுக்கு அது சின்ன விஷயமில்லை. போன சீசன் முழுக்க பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தவள். இந்த வருடம்தான் டீமில் நிரந்தரமாக இடம் கிடைத்திருந்தது.

பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. இடைவேளை முடிந்து வந்தபோது யூசுப் பாய், "அண்ணி, பாப்பா ஷூ மாத்தியிருக்குதுங்க. மொதல்ல நீலம், இப்ப மஞ்சள்" என்றார்.

இந்த ஷூ விவகாரம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அடியில் குமிழ் குமிழாக இருக்கும்—ஸ்டட் என்பார்கள். சாதாரண ஷூவில் அது பிளாஸ்டிக். ஈரத்தரைக்கென்று இருப்பதில் நீளமாக, நுனியில் உலோகம் வைத்து, திருகி மாட்டியிருப்பார்கள். சேற்றில் வழுக்காது. ஆனால் நுனி தேய்ந்து கூர்மையாகிவிட்டால் ஆபத்து. அதனால் ஆட்டம் தொடங்கும் முன் அம்பயர் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கச் சொல்லி, ஸ்டட்டைத் தடவிப் பார்ப்பார். நம் ஊரில் மாட்டுக்கு லாடம் பார்ப்பது மாதிரிதான். நடுவில் ஷூ மாற்றினால் மறுபடி காட்ட வேண்டும். அப்படி ஒரு ரூல் இருக்கிறது, யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கடைசி நேரத்தில் கீர்த்தனாவும் எதிர் டீம் பெண் ஒருத்தியும் ஒரே பந்துக்கு எகிறினார்கள். இரண்டு பேரும் விழுந்தார்கள். இவள் எழுந்துவிட்டாள். அந்தப் பெண் எழவில்லை. முழங்காலுக்குக் கீழே கிழிந்து ரத்தம். கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் டீம் ஜெயித்தது.

சாயங்காலம் போன். "ஃபைனலுக்குப் போயிட்டோமுங்கம்மா" என்று குதிக்கிறாள். இவர் போனை வாங்கினார். "சந்தோசம் கண்ணு. அந்தப் புள்ளைக்குக் காலு எப்படி இருக்குது?"

"தெரியலீங்கப்பா. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கறாங்க. அவங்க டீம் பாத்துக்குவாங்க."

அன்றைக்கு இவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இவருக்குச் சொந்த ஊர் வெள்ளகோவில் பக்கம். அங்கெல்லாம் நம் வண்டி ஒருத்தர் மேல் உரசிவிட்டால், யார் மேல் தப்பு என்பதெல்லாம் அப்புறம். முதலில் ஒரு பை சாத்துக்குடியோடு போய், "எப்படிங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். போகாவிட்டால் காயத்தைவிட அதுதான் பெரிய பகை. மெல்போர்னுக்கு எந்த பஸ்ஸில் ஏறி சாத்துக்குடி கொண்டு போவது?

பார்த்தார். அந்தப் போட்டிகளுக்கென்று ரசிகர்கள் பேசிக்கொள்ளும் குரூப் ஒன்று இருக்கிறது. எல்லா டீம்காரர்களும் அதில் இருப்பார்கள். லைவ் லிங்க் அதில்தான் வரும் என்பதால் இவரும் உறுப்பினர். மறுநாள் காலையில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதில் எழுதிவிட்டார். இங்கிலீஷில்தான். ஆனால் ஒவ்வொரு வரியிலும் நம் ஊர் 'ங்க' கேட்டது. மரியாதைக்குரிய அனைவருக்கும் வணக்கம். மழை வந்ததால் என் மகள் பாதியில் வேறு ஷூ மாற்றினாள். அதனால் உங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் காயம்பட்டுவிட்டது. பெரிய மனது பண்ணி மன்னிக்க வேண்டும். எத்தனை தையல் போட்டார்கள்? ஆட்டுக்கால் சூப் கொடுத்தால் புண் சீக்கிரம் ஆறும்.

அவ்வளவுதான். குரூப் பற்றிக்கொண்டது.

'பாதியில் ஷூ மாற்றினாளா? அம்பயர் பார்த்தாரா?' என்றார் ஒருவர். உலோக நுனியையே தடை செய்ய வேண்டும் என்றார் இன்னொருவர். தடை செய்தால் சேற்றில் வழுக்கி விழுந்து முட்டி போகும், அது மட்டும் பாதுகாப்பா என்று ஒரு பெண் கேட்டார். நியாயமான கேள்வி. சொந்த அப்பாவே ஒப்புக்கொண்டுவிட்டார், இனி என்ன பேச்சு என்று எதிர் டீம்காரர் முடித்தார். நடுவில் ஒரு ஜீவன், 'ஆட்டுக்கால் சூப் என்றால் என்ன?' என்றது.

இங்கே எங்கள் ஹாலிலும் அதே சண்டை. "நீங்க எதுக்குங்க ஷூ மேல பழியப் போட்டீங்க?" என்றார் யூசுப் பாய். தொழில் பாசம். "ஆட வந்தா அடி படத்தான் செய்யும். உலோக ஸ்டட்டுக்கு ரூல்ல அனுமதி இருக்குதில்லீங்க?"

"ரூல்ல இருக்குது பாய். அந்தப் புள்ளைக்கு வலி இல்லைன்னு எந்த ரூல்ல இருக்குது?"

பாய் இன்னொரு இட்லியை எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டார்.

கீர்த்தனா போன் பண்ணினாள். அழுகையும் கோபமும் ஒன்றாக. "என்னங்கப்பா பண்ணிப்போட்டீங்க? விசாரணைக் கமிட்டி என்னையக் கூப்பிட்டிருக்குது. ஃபைனல்ல ஆட உடமாட்டாங்க. ஒரு வருசம் பெஞ்சுல உக்காந்திருந்தேன் நானு."

"நான் எப்படி இருக்குதுன்னுதானுங்க அம்மணி கேட்டேன்" என்றார் இவர். மகள் கோபப்பட்டால் அவளுக்கும் 'ங்க' போடுகிற மனிதர். அவள் வைத்துவிட்டாள்.

எனக்கும் ஆத்திரம்தான். "உங்களுக்கு வாய் சும்மா இருக்காதுங்களா? பெத்த புள்ளையக் காட்டிக் கொடுத்துப்போட்டீங்க" என்று நன்றாகவே திட்டினேன். இவர் அன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. குரூப்பைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சண்டையைப் படிக்கிறார் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால்... அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்ததா என்று பார்க்கிறார். அதற்கு மேல் எப்படிங்க திட்டுவது?

பதில் வந்தது. பெயர் ஹன்னா. தையல் போட்டிருக்கிறது, நடக்கிறேன், கேட்டதற்கு நன்றி என்று எழுதியிருந்தாள். இவர் அன்றைக்குத்தான் இரண்டு இட்லி சேர்த்துச் சாப்பிட்டார்.

கமிட்டிக்கு முந்தின நாள் கீர்த்தனா என்னைக் கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது. "அம்மா, மேட்ச் முடிஞ்சப்ப அந்த ஸ்டட்டத் தொட்டுப் பாத்தேனுங்க. முந்தி மழை நாள்கள்ல கார் நிறுத்தற எடத்துல தார்ரோட்டுல அதோட நடந்து நடந்து நுனி கத்தியாட்டம் ஆகியிருந்துச்சு. தொடைச்சுப் பைக்குள்ள போட்டுட்டேன். யாருகிட்டயும் சொல்லலை."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கமிட்டிக்கும் தெரியாது. அம்பயர்கிட்டக் காட்ட மறந்துட்டேன்னு மட்டும் சொன்னா எச்சரிக்கையோட உட்டுருவாங்கன்னு எங்க கோச் சொல்றாங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உண்மையைச் சொல்லு கண்ணு என்று உடனே சொன்னேன் என்றால் நீங்கள் நம்புவீர்கள். ஆனால் நான் அப்படிச் சொல்லவில்லை. ஃபைனல் கண் முன்னால் நிற்கிறது. "உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்று நழுவினேன்.

மறுநாள் அவள் அந்த ஷூவையே கையில் எடுத்துக்கொண்டு போய்க் கமிட்டி மேசை மேல் வைத்தாள். கூர்மையாக இருந்தது, எனக்கே தெரியும் என்றாள். அவளுக்கு ஃபைனல் போயிற்று. வெளியே வந்து நேரே ஹன்னாவின் வீட்டுக்குப் போனாளாம், ஒரு பை ஆரஞ்சோடு. அங்கே சாத்துக்குடி கிடைக்கவில்லையாம்.

ஃபைனலை நாங்கள் பார்த்தோம். கீர்த்தனா மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் பாதியில் ஷூ மாற்றியவர்கள் வரிசையில் நின்று அம்பயரிடம் காலைத் தூக்கிக் காட்டினார்கள். யூசுப் பாய்க்குப் பரம திருப்தி. எங்கள் டீம் ஆட்டத்தை ஒரே ஒரு கோலில் கோட்டைவிட்டது.

போன் வந்தது. முதலில் அப்பாவிடம் பேசினாள். என்ன பேசினார்களோ, இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார். அப்புறம் என்னிடம்.

"நான் ஆடியிருந்தா ஜெயிச்சிருப்போமுங்கம்மா."

"சொல்லாம இருந்திருக்கலாம்னு தோணுதா கண்ணு?"

"தோணுதுங்கம்மா" என்றாள்.

இல்லை என்று சொல்லி என்னை மெச்ச வைத்திருக்கலாம். அதற்கும் பொய் சொல்லவில்லை பாருங்கள்... கப் யார் வீட்டு அலமாரியில் வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும்.