கிறிஸ்துமஸ் விருந்தில் மிளகு ரசம்

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் லலிதா அக்கா. சுத்த சைவம். தீபாவளிக்கு அவர் வீட்டு முறுக்கு எங்களுக்கு வரும். கிறிஸ்துமஸுக்கு முட்டை சேர்க்காத கேக்கை அவருக்கென்று தனியாகச் செய்வேன். கணவர் ஓய்வு பெற்றதும் நாங்கள் கோவில்பதாகைக்கு வந்துவிட்டோம். பிறகு பழக்கமெல்லாம் போனில்தான்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸுக்கு அக்காவை விருந்துக்கு அழைத்தேன். அவருக்காகச் சாதம், பீன்ஸ் பொரியல், காய்கறிக் குருமா எல்லாம் தனியாகச் செய்திருந்தேன். பரிமாறப் போகும்போது என் நாத்தனார் சமையலறையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"அண்ணி, மட்டன் கிளறின கரண்டியை மறந்துபோய் குருமாவுல போட்டுட்டேன். அவங்களுக்குத் தெரியவா போவுது, சொல்லாம உட்டுடுங்க."

நம்பி வந்தவருக்கு அதை எப்படிப் பரிமாறுவது? நேராகப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

அவர் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகினார்.

"புளி எங்க வெச்சிருக்க ஸ்டெல்லா? ஒரு ரசம் வெச்சா எனக்குப் போதும்."

குடியிருப்பு நாட்களைப் போலவே நான் மிளகு தட்ட, அவர் புளி கரைத்தார். பிள்ளைகளுக்கு அம்மை போட்டது, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு ஓடியது என்று பேசிக்கொண்டே வைத்த அந்த ரசத்தை, பிரியாணி சாப்பிட்டவர்களும் டம்ளரில் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

இப்போதெல்லாம் சைவ விருந்தாளி வந்தால், கறி வீட்டுக்குள் வருமுன்பே அவருக்கான சமையலை முடித்து உள் அறையில் மூடி வைத்துவிடுகிறேன். லலிதா அக்காவை மட்டும் காலையிலேயே வரச் சொல்கிறேன், சேர்ந்து சமைக்க.

– ஸ்டெல்லா, கோவில்பதாகை