ஒரு சைஸ் பெரிய சைக்கிள்

எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு எதை வாங்கினாலும் ஒரு சைஸ் பெரிதாகத்தான் வாங்குவோம். யூனிஃபார்மை மூன்று விரல் உள்ளே மடித்துத் தைப்போம், ஷூவின் முனையில் பஞ்சை அடைப்போம். நான் அப்படித்தான் வளர்ந்தேன், என் மகளும் அப்படித்தான் வளர்ந்துகொண்டிருந்தாள். அதனால் போன வருஷம் ஆறாம் வகுப்புக்குப் போகும்போது அவள் கியர் சைக்கிள் கேட்டதும், எந்த அளவு என்ற கேள்வியே எனக்கு வரவில்லை.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பெங்களூரில் எங்கள் ஒக்கலிபுரம் தெருவிலிருந்து அவளுடைய இரண்டு தோழிகள் சைக்கிளில்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள். வழியில் ஒரு மேடு உண்டு. அவளுடைய பழைய குட்டி சைக்கிள் அதில் ஏறாது. அவர்களோடு சேர்ந்து போக வேண்டும், ஆசை அவ்வளவுதான். அதற்காக மூன்று மாதம் கெஞ்சினாள்.

சிவாஜிநகரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். உள்ளே வேலை செய்யும் பையன்களிடம் உருதுவில் அதட்டல், எங்களிடம் நல்ல தமிழ். விலை கூடியதைத்தான் முதலில் காட்டுவார் என்று நினைத்திருந்தேன். அவர் காட்டவே இல்லை. முன்னால் ஷாக் அப்சார்பர் வைத்த வண்டி வெறும் கனம், பிள்ளைக்கு இருபத்தோரு கியர் தேவையில்லை, நாங்கள் சொன்ன மேட்டில் ஏறப் பின்சக்கரத்தில் ஏழு கியர் இருந்தால் தாராளம் என்று சொல்லி, இருபத்துநான்கு இன்ச் நீல சைக்கிள் ஒன்றை இறக்கினார். மகள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு கால்களும் தரையைத் தொட்டன. கியரைத் திருகித் திருகி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் கண் பக்கத்தில் நின்ற இருபத்தாறு இன்ச்சின் மேல் இருந்தது. அதே கம்பெனி, அதே ஏழு கியர், விலையிலும் பெரிய வித்தியாசமில்லை. வளர்ற பிள்ளை, பெரிசையே குடுங்க என்றேன்.

"மேடம், வளர்றதுக்கு இதுலயே எடம் இருக்கு. சீட்டை நாலு விரல் ஏத்திக்கலாம். பாப்பா இன்னிக்கு ஓட்டணும் இல்ல?"

இரண்டு வருஷம் கழித்து இன்னொன்றை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. எனக்கு ஒன்று பட்டுவிட்டால் அப்புறம் யார் சொன்னாலும் ஏறாது. அவர் சொல்வதையும் கொஞ்சம் கேளேன் என்றார் கூட வந்த கணவர். ஒரு பார்வை பார்த்தேன். அவர் நகர்ந்து போய் வரிசையாக மணிகளை அடித்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெரிய சைக்கிளில் மகளுக்கு ஒரு காலின் கட்டைவிரல் மட்டும் தரையை எட்டியது. கொஞ்சம் வளர்ந்துட்டா எல்லாம் சரியாயிடும் என்றேன். அவள் தலையாட்டினாள்.

வீட்டு வாசலில் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். வண்டிக்கு உரியவர்தான் அதன் மேல் ஏற்றிப் போக வேண்டும். அவளால் ஏறி நிலையாக உட்கார முடியவில்லை. அப்பா பிடித்துக்கொண்டு தள்ளிப் பழத்தை நசுக்கினார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை விழுந்து எழுந்தாள். மூன்றாவது வாரம், வந்துடுச்சும்மா என்றாள். தெருவில் கூட்டமாக இருக்கிறது, முனையில் போய் ஏறிக்கொள்கிறேன் என்று உருட்டிக்கொண்டு போவாள். வழக்கத்தைவிட இருபது நிமிஷம் முன்னதாகவே கிளம்பினாள். தோசையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவாள். சைக்கிள் வந்ததும் பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நான் ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்தேன்.

ஒரு நாள் பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோவில் போனேன். மேட்டில் வண்டிகள் நின்றன. ஓரமாக ஒரு பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தாள். சீட்டே அவள் இடுப்புக்கு மேலே இருந்தது. பையை முதுகில் மாட்டிக்கொண்டு, கழுத்தெல்லாம் வியர்வையாக, தனியாகப் போனாள். அது என் மகள். தோழிகள் எப்போதோ அவளைக் கடந்து போய்விட்டிருந்தார்கள். இறங்கி ஓட வேண்டும் போலிருந்தது, ஆனால் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அவமானப்படுவாளே என்று ஆட்டோவுக்குள் தலையைக் குனிந்துகொண்டேன்.

சாயங்காலம் கேட்டேன். கோபமாகத்தான் ஆரம்பித்தேன், எனக்கு அப்படித்தான் வரும். ஏண்டி இத்தனை நாளா சொல்லல?

அவள் அழவில்லை. "வளர்ந்துட்டா சரியாயிடும்னு நீதானே சொன்ன. வளர்ற வரைக்கும் தள்ளிட்டுப் போறேன்மா."

எனக்குத்தான் அழுகை வந்தது. என்னை நம்பி ஆறு வாரம் அதைத் தள்ளியிருக்கிறாள் பாவி. இனிமேல் வளர்ந்து நிற்கப்போகிற பெண்ணுக்கு சைக்கிள் வாங்கிவிட்டு, இன்றைக்கு இருக்கிற பெண்ணை நடக்க விட்டிருக்கிறேன்.

சனிக்கிழமை அதே கடைக்குப் போனோம். பழசு, கீறல் என்று அவர் ஏதாவது சொன்னால் சண்டை போடலாம் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்திருந்தேன். அவர் சைக்கிளைத் திருப்பிப் பின்சக்கரத்தைப் பார்த்தார். ஏழு கியர் பல்சக்கரங்களில் ஒன்றைத் தவிர மற்றவற்றில் கடையில் போட்ட கிரீஸ் அப்படியே இருந்தது. மகளையும் பார்த்தார். அன்றைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன்.

"ஓட்டாத சைக்கிள் மேடம் இது. மாத்திக்கோங்க," என்றார்.

அதே நீல சைக்கிளை இறக்கி, சீட்டை அவள் உயரத்துக்கு வைத்து, கம்பியில் இன்னும் நாலு விரல் மிச்சமிருப்பதை எனக்குக் காட்டினார். நன்றி என்ற சொல் என் வாயில் லேசில் வராது. அன்றைக்கு இரண்டு முறை சொன்னேன். இப்போதும் அந்தப் பக்கம் போனால் கடைக்குள் எட்டிப் பார்த்து ஒரு வணக்கம் வைத்துவிட்டுத்தான் வருகிறேன்.

மறுநாள் வாசலில் மறுபடியும் எலுமிச்சம்பழம் வைத்தேன். அவளே ஏறி, அவளே நசுக்கிக்கொண்டு போனாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அந்த மேட்டை மூன்று பேரும் சேர்ந்து ஏறுகிறார்களாம். முன்னதாகக் கிளம்புவதும் நின்றுவிட்டது. அந்த இருபது நிமிஷமும் அவள் என் எதிரில் உட்கார்ந்து, ஏதேதோ பேசிக்கொண்டு, சூடாகத் தோசை சாப்பிடுகிறாள்.