மூக்கு கனத்த விமானம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், சேலத்தில் மாடல் விமானச் சாமான்கள் விற்கும் ஒரு கடையில் நடந்தது இது.

ஒன்பதாவதோடு படிப்பை விட்டு, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிக்குப் போனவன் நான். இப்போது திருச்செங்கோட்டில் ரிக் லாரிகளுக்கு வெல்டிங் வேலை. எதற்கெடுத்தாலும் பயம். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி வந்து பார்க்கிற ஆள். பழைய புத்தகக் கடையில் கிடைத்த, மடிப்பெல்லாம் கிழிந்த ஒரு வரைபடத்தைப் பார்த்து, எட்டு மாதமாக ஒரு ரிமோட் விமானம் கட்டியிருந்தேன். பறக்கவிட தெர்மாகோல் விமானத்தில் பழகியாயிற்று. எஞ்ஜின்தான் பாக்கி. அதைத் தப்பாக வாங்கினால் முதல் நாளே எல்லாம் சுக்குநூறு.

வரைபடத்தில் எஞ்ஜின் அறுபது சைஸ் என்று இருந்தது. எங்கள் தொழிலில் பாறை எப்படியிருக்குமோ என்று கம்ப்ரசரை ஒரு சைஸ் பெரிதாகவே போடுவோம். அந்தப் புத்தியில் தொண்ணூறு கேட்டேன்.

“எதுக்குங்ண்ணா தொண்ணூறு?” என்றார் கடைக்கார அம்மா. என் வயதுதான் இருக்கும்.

“காத்து எதுத்து அடிச்சா இழுக்கோணுமில்லீங்க?”

“இது போர் போடற வண்டி இல்லீங்ண்ணா!” என்று சிரித்துவிட்டார். “இந்தப் படம் போட்ட காலத்துல அறுபது இழுத்தத இப்ப நாப்பத்தாறே இழுத்துரும். அப்ப சைலன்சரும் கெடையாது. இப்ப அந்தக் கனமும் சேருதுங்க.”

தொண்ணூறு கையில் இல்லை, அதனால்தான் சின்னதைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தேன். முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். அலமாரியிலிருந்து தொண்ணூறை எடுத்து மேஜையில் வைத்தார். அதையும் நாற்பத்தாறையும் சைலன்சரோடு தனித்தனியே தராசில் போட்டு, எடையை ஒரு அட்டையில் எழுதினார்.

“இன்னைக்கு எதையும் வாங்காதீங்க. அதே எடைக்கு போல்ட்டு, நட்டு எடுத்து மூக்குல கட்டுங்க. படத்துல குறி போட்ட எடத்துல, இறக்கைக்கு அடியில ரெண்டு வெரல் குடுத்துத் தூக்கிப் பாருங்க, மட்டமா நிக்கோணும். அப்பறம் வாங்க.”

பட்டறையில் போல்ட்டுக்கா பஞ்சம்! முதலில் தொண்ணூறின் எடையைக் கட்டித் தூக்கினேன். விமானம் சட்டென்று குப்புறக் கவிழ்ந்தது.

“ஏனுங்க, எட்டு மாசம் கட்டுனது மூக்கால நெலத்த மோந்து பாக்குதுங்களே!” என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி.

வாலில் ஈயத்தைத் திணித்துச் சரிக்கட்டினேன். இறக்கை மட்டமாக வந்தது. ஆனால் கை வலித்தது. இவ்வளவு கனத்தோடு இறங்கினால் சக்கரத்துக் கம்பியே வளைந்துவிடும். ஈயத்தைப் பிடுங்கிவிட்டு நாற்பத்தாறின் எடையைக் கட்டினேன். எதுவும் சேர்க்காமலே விரல் நுனியில் அசையாமல் நின்றது.

அப்போதும், சின்ன எஞ்ஜின் தூக்குமா என்று மனசு அடித்துக்கொண்டது. அடிக்கட்டும் என்று திங்கட்கிழமையே பஸ் ஏறி நாற்பத்தாறை வாங்கி வந்தேன்.

அடுத்த ஞாயிறு, வறண்ட ஏரிக்குள் ஓடவிட்டேன். பாதி வேகத்திலேயே தரையை விட்டு எழும்பியது விமானம். “போதுங்க சாமி, எறக்கிப்போடுங்க!” என்று மனைவி கத்தினாள். மூன்று சுற்று முடித்துத்தான் இறக்கினேன். ஒரு கீறல் இல்லை.

நன்றி சொல்லப் போனபோது அந்த அம்மா ஒன்றுதான் கேட்டார்: “எறக்குனீங்களா, அதுவா வந்து விழுந்துச்சா?”

விலை கூடிய எஞ்ஜினை நான் கேட்டும் விற்காமல் அனுப்பியவர் அவர். பயம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் அது சொன்னபடி நான் நடப்பதற்கு முன், ஒரு தடவையாவது அதை எடை போட்டுப் பார்க்கிறேன்.