இரண்டாவது வரியிலிருந்து வந்தவர்

செய்தி என் கைப்பேசிக்கு ஒரு கோடாக வந்தது. ‘வார வாசிப்பு’ என்று நாள்காட்டியில் எப்போதும் பச்சை நிறத்தில் நிற்கும் வரியின் குறுக்கே அந்தக் கோடு விழுந்திருந்தது. கீழே ‘ரத்து செய்யப்பட்டது’ என்று இருந்தது. காலைப் பூசையை முடித்துவிட்டுக் கைப்பேசியை எடுத்த நான், அந்தச் சொல்லைப் பார்த்தபடியே நின்றுவிட்டேன். குணராசா எதையும் ரத்து செய்கிறவர் அல்லர். மழையென்றால் மாலைக்கு மாற்றுவார். தொழிற்சாலைகளில் கூடுதல் நேரம் வைத்துவிட்டால் மறுநாளுக்கு மாற்றுவார். “ரத்து எண்டு ஒண்டு எங்களுக்கு வேண்டாம் ஐயா. தள்ளி வைப்பம். தள்ளி வைச்சது எண்டைக்காவது வரும்” என்பார். ஆகவே அந்தச் சொல்லை அனுப்பியது அவருடைய கை அன்று என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது.

சற்று நேரத்தில் ஏழுமலை அழைத்தான். இரும்பு உருக்காலையில் வேலை செய்கிறவன். எங்கள் வாசிப்புக்குத் தவறாமல் வருகிறவன்.

“சாமி, அண்ணன் பூட்டாரு சாமி.”

“எப்படியப்பா?”

“பல்லு வெளக்கிகினு இருந்தாராம். அப்டியே உக்காந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. பொண்ணு தர்சினிதான் அவரு போன எடுத்து வாசிப்ப ரத்து பண்ணிச்சி. நைட் ஷிப்ட் முடிஞ்சி வர்ற நம்மாளுங்க அங்க வந்து சும்மா நின்னுகினு இருக்கக் கூடாதுன்னு.”

தகப்பனின் உடல் வீட்டில் கிடக்க, பிறருடைய நேரத்தை எண்ணிய அந்தப் பெண், குணராசாவின் மகள்தான்.

இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களில் பெரும்பாலோர் அவரோடு வாசிப்பு நடக்கும் தண்ணீர்க் கேன் கிடங்கில் உட்கார்ந்தவர்கள். இருப்பினும், பெயரை மட்டும் கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன். குணராசா மன்னார்ப் பக்கத்தில் பிறந்தவர். போர்க்காலத்தில், மீசை அரும்பிய வயதில், படகேறி இக்கரை வந்தவர். அன்றுமுதல் அகதிகள் முகாம்வாசி. மணமுடித்ததும், தர்சினியைப் பெற்றதும், மனைவியை இழந்ததும் முகாமில்தான். தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தின் அலுவலகத்தில், யார் எந்த ஷிப்டுக்கு வரவேண்டும் என்று கணினியில் முறைவைக்கும் வேலை பார்த்தார். அந்த வேலையே அவருக்குள் ஓர் எண்ணத்தை விதைத்தது. முதல் ஷிப்டு, இரண்டாம் ஷிப்டு, இரவு ஷிப்டு என்று சிதறிக் கிடக்கும் மனிதர்கள் எல்லோருக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமாவது பொதுவாக இருக்குமா என்று தேடிப் பார்த்தார். எல்லோருடைய முறையையும் கைப்பேசி நாள்காட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, வாரத்துக்கு வாரம் இடம் மாறினாலும், ஒரு வெற்றிடம் கிடைத்ததாம். அதில் அரசியலமைப்புச் சட்டத்தைத் தமிழில் உரக்க வாசிப்பது என்று முடிவு செய்தார்.

அவர் என்னைத் தேடி வந்தது இதற்காகத்தான். திருவள்ளூரில் பெருமாள் சன்னிதியில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நெடுங்காலம் இருந்தவன் நான். மகனுக்குத் தொழிற்பேட்டையில் வேலை அமைந்ததால் புதுவாயலுக்குக் குடிபெயர்ந்தேன். ஒருநாள் வாசலில் வந்து நின்று, “ஐயா, உங்கட மூச்சு எங்களுக்கு வேணும்” என்றார். திகைத்தேன். அவர் புத்தகத்தை விரித்துக் காட்டினார். ஒரு வாக்கியம் அரைப்பக்கம் ஓடியது. “இதை வாசிக்கத் தொடங்கினா நடுவில எல்லாரும் மூச்சு முட்டி நிண்டு போறாங்கள். எங்க நிறுத்துறது, எங்க எடுக்கிறது எண்டு உங்களுக்குத் தெரியும்.” நீண்ட அடிகளைப் பொருள் சிதையாமல் மூச்சுக்கு மூச்சு பிரிப்பது எங்கள் கோஷ்டியில் முதலில் பழக்குவது. அன்று மாலையே பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இறைவன் திருநாமம் வராத ஒரு நூலுக்கு நான் மூச்சுக்குறி இட்டது அதுவே முதல் முறை.

முதல் வாசிப்பன்று கிடங்கில் நீல நிறக் கேன்களுக்கு நடுவே பாய் விரித்திருந்தார்கள். நான் துவைத்த துண்டு ஒன்றை மடித்துப் பலகைமேல் இட்டு, அதன்மேல் புத்தகத்தை வைத்தேன். கைகழுவாமல் யாரும் தொடவேண்டாம் என்றும் சொன்னேன். ஓதும் நூலுக்கு நான் அறிந்த மரியாதை அது. எண்ணெய்க்கறை படிந்த கைகளோடு வந்தவர்கள் தயங்கி, எட்டவே உட்கார்ந்தார்கள். குணராசா துண்டைப் பதமாக எடுத்து என் தோளில் இட்டார். பிறகு புத்தகத்தை ஏழுமலையின் மடியில் வைத்தார்.

“கும்பிடத் தொடங்கினா தொட மாட்டாங்கள் ஐயா. கறை படட்டும். கறை படாத பக்கம் ஒருத்தரும் வாசிக்காத பக்கம்.”

“அண்ணே, நான் பத்தாவதே ரெண்டு தபா எழுதுனவன். என் மடியிலயா வெக்கிற?” என்றான் ஏழுமலை.

“அப்ப இதையும் ரெண்டு தரம் வாசி.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் பிரதியில் இன்று கறையில்லாத பக்கம் அரிது.

ஒவ்வொரு வாரமும் முகப்புரையைச் சேர்ந்து ஓதிவிட்டே வாசிப்பைத் தொடங்குவது வழக்கமாயிற்று. கோஷ்டியில் ஒருவர் முதலடியை எடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் தொடர்வார்கள். அந்த முறையையே இங்கும் கைக்கொள்ளலாம் என்றேன். கூட்டியவர் அவர், எடுத்துக் கொடுக்க வேண்டியவரும் அவரே என்று நான் சொன்னபோது குணராசா தலையை அசைத்தார்.

“முதல் வரியை நீங்க எடுத்துக் குடுங்கோ ஐயா. நான் ரெண்டாவதில இருந்து வாறன்.”

அடக்கத்தால் சொல்கிறார் என்று நினைத்தேன். ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கினேன். எல்லோரும் உடன் எடுத்தார்கள். எனக்கு வலப்புறம் அமர்ந்திருந்த அவருடைய உதடுகள் மட்டும் மூடியிருந்தன. அடுத்த வரி வந்ததும் கூட்டத்திலேயே உரத்த குரலாக அவருடைய குரல் எழுந்தது. வாரந்தோறும் இப்படியே நடந்தது. ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“அந்த வரியில நான் இல்லை ஐயா. இல்லாத இடத்தில நிண்டு கதைக்கிறது பொய். பொய்யோட இந்தப் புத்தகத்தைத் திறக்க எனக்கு மனசு வரேல்லை.”

குடியுரிமை கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தார். முடிவு வரவில்லை. அந்த ஒரு வரிக்குள் நின்று உரக்கச் சொல்லவேண்டும் என்பதே அவர் வாழ்நாளில் வேண்டிய வரம். வேறு எதையும் அவர் வேண்டி நான் கேட்டதில்லை.

ஆயினும் அவர் துயரத்தைச் சுமந்து திரிந்த மனிதர் அல்லர். சமத்துவத்தைச் சொல்லும் பதினான்காம் உறுப்பை வாசித்த அன்று, அது குடிமக்களுக்கு மட்டும் உரியதன்று, இந்த மண்ணில் நிற்கும் எந்த மனிதருக்கும் உரியது என்று அவர் விளக்கினார். ஏழுமலை நிமிர்ந்தான்.

“அப்போ இதுல நீ கீறியா அண்ணே?”

“ஓம். இதில இருக்கிறன். இருபத்தொண்டிலயும் இருக்கிறன். பத்தொன்பதில இல்லை. அது குடிமக்களுக்கு.”

“இன்னா அண்ணே இது, ஷேர் ஆட்டோ மாறி ஒரு ஸ்டாப்புல ஏறிக்கினு அடுத்த ஸ்டாப்புல எறங்குற?”

“எங்க ஏறலாம் எண்டு தெரிஞ்சு வைச்சிருக்கிறதுக்குத்தானே தம்பி வாசிக்கிறது!”

அவருடைய நாள்காட்டியைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அதில் முகாமில் ஆள் சரிபார்க்கும் நாட்கள் சிவப்பு நிறத்தில் இருக்கும். மற்ற எல்லா நிறங்களும் சிவப்புக்கு வழிவிட்டு நிற்கும். ஒருமுறை வாசிப்பு அத்தகைய நாளில் விழுந்தது. கொஞ்சம் தாமதமாகப் போனால் என்ன என்று ஏழுமலை கேட்டான். “உன்னட்ட நீ இந்த ஊர்க்காரன் எண்டதுக்கு எத்தனையோ சாட்சி இருக்கு. எனக்கு அந்த ஒரு கையெழுத்துத்தான்” என்றார் குணராசா. அதன்பின் நாங்கள் எல்லோரும் அந்தச் சிவப்பைச் சுற்றியே எங்கள் வாரங்களை அடுக்கிக்கொண்டோம். இரவு ஷிப்டு முடித்தவர்கள் உறங்காமல் வந்தார்கள்.

அவருடைய கைப்பேசி நேர அமைப்பில் ஊர் ‘கொழும்பு’ என்றே இருந்தது. அதைக் கண்டுபிடித்த ஏழுமலை, “இத்தினி வருசமா எங்க ஊட்டுச் சோத்த துன்னுகினு இன்னும் கொழும்பு டைமா அண்ணே?” என்று சீண்டினான். “ரெண்டு இடத்துக்கும் ஒரே நேரம்தான் தம்பி. மாத்தினாலும் மணி மாறாது. கிடக்கட்டும், அதுக்கும் ஒரு இடம் வேணும்” என்றார். ஒரு நாட்டுக்காக ஏங்கியவர், பிறந்த மண்ணைத் துறந்துவிட்டு ஏங்கவில்லை என்பதை அன்று அறிந்தேன்.

எனக்கும் அவர் நாள்காட்டி வைத்துக் கொடுத்தார். கண்புரை அறுவைக்குப்பின் பஞ்சாங்கத்தின் பொடி எழுத்து எனக்குத் தெரியவில்லை. ஏகாதசி எப்போது வரும் என்று கேட்டார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவரும் அப்படியே திரும்பத் திரும்ப வருமாறு பதிந்துவிட்டார். சில பட்சங்கள் கழித்து நான் உபவாசம் இருந்த நாளில் என் இல்லத்தாள் பக்கத்து வீட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு, “இன்றைக்குத் துவாதசி. விரதம் முடித்துப் பாரணை செய்யவேண்டிய நாளில் பட்டினி கிடக்கிறீர்களே!” என்று கைதட்டிச் சிரித்தாள். எனக்கோ பெரும் மனக்கிலேசம். செய்தியறிந்து ஓடிவந்த குணராசா திண்டாடிப் போனார். திதி ஒரு நாளளவு நில்லாது, கூடும் குறையும் என்று விளக்கினேன். “அப்ப சந்திரனுக்கு ரிப்பீட் போட ஏலாது” என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து, என் இல்லத்தாள் பஞ்சாங்கத்தைப் படிக்கப் படிக்க, வருடம் முழுவதற்குமான ஏகாதசிகளை ஒவ்வொன்றாகப் பதிந்தார். இப்போதும் அந்த நாட்களில் விடியலில் என் கைப்பேசி ஒலிக்கிறது.

அந்த வேலையின்போதுதான் அவருடைய நாள்காட்டியில் சனவரி இருபத்தாறில் ஒரு பதிவைக் கண்டேன். ‘உறுதிமொழி’ என்று மட்டும் இருந்தது. குடியுரிமை பெறுகிறவர் எடுக்க வேண்டிய உறுதிமொழி. தேதி வந்துவிட்டதா என்று மகிழ்ந்து கேட்டேன்.

“இல்லை ஐயா. தேதி இல்லாம எழுதி வைக்க விடுதில்லை இது. அதால நானா ஒரு நாள் போட்டன். கிட்ட வரேக்க அடுத்த வருசத்துக்குத் தள்ளி வைப்பன்.”

பிறகு நாள்காட்டியில் வாசிப்புக்கான ஓர் அழைப்பைத் திறந்து, வருகிறீர்களா என்று கேட்டு அதன் அடியில் இருந்த பொத்தான்களைக் காட்டினார். ஆம், இல்லை, ஒருவேளை. “இந்த ஒருவேளைதான் ஐயா எனக்குக் கிடைச்ச நாடு” என்றார். சொல்லிவிட்டு மறுபடியும் என் ஏகாதசிகளுக்குத் திரும்பினார்.

ஈமக்கிரியை முடிந்த மறுவாரம் பச்சை வரி மீண்டும் வந்தது. தர்சினி தன் கணக்கிலிருந்து அனுப்பியிருந்தாள். அவள் தொழிற்பேட்டையில் கணக்கராக இருக்கிறாள். இந்த மண்ணிலேயே பிறந்தும் தகப்பனைப் போலவே முகாமின் பதிவில் மட்டும் இருக்கிறாள். கிடங்கில் எல்லோரும் கூடினோம். என் வலப்புறம் ஒருவரும் உட்காரவில்லை. முதலடியை எடுத்துக் கொடுத்தேன். என் குரல் மட்டும் தனித்துக் கேட்டது. ஏழுமலையும் மற்றவர்களும் தலைகுனிந்து மௌனமாய் இருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைத்திருக்கவில்லை. இரண்டாவது வரியில் எல்லோருடைய குரலும் ஒருமித்து எழுந்தது. தர்சினியின் குரல் அதில் முன்னின்றது.

திரும்புகையில் அவளிடம் கேட்டேன்: “அப்பாவின் சனவரிப் பதிவை என்ன செய்தாய் அம்மா?”

“அழிக்கலாம்னுதான் தாத்தா எடுத்தேன். மனசு வரல. தள்ளி வச்சிருக்கேன். என் பேரை மட்டும் சேர்த்தேன்.”

அன்று மாலையே எனக்கு ஒரு நாள்காட்டி அழைப்பு வந்தது. ‘உறுதிமொழி – தர்சினி. சனவரி இருபத்தாறு.’ அடியில் அதே பொத்தான்கள். அந்த நாள் உண்மையில் எந்த ஆண்டில் வரும் என்று அவளுக்கும் தெரியாது. எத்தனை முறை தள்ளி வைத்தாலும் தாங்கும் ஆயுள் எனக்கு உண்டா என்பதைப் பெருமாளே அறிவான். என் வயதில் ‘ஒருவேளை’யை அழுத்துவதே நேர்மையாக இருக்கும். ஆனால் அந்தப் பொத்தானில் ஒரு மனிதர் தம் வாழ்நாள் முழுவதையும் கழித்ததைப் பார்த்துவிட்டேன். ‘ஆம்’ என்பதை அழுத்தினேன்.

குணராசாவிடமிருந்து எனக்கென்று எஞ்சியிருப்பது அந்த ஒப்புதலும், வலப்புறம் ஒரு மூச்சளவு காத்திருக்கும் பழக்கமும்தான். அந்த நாள் வரும்போது நான் கிடங்கின் பாயில் இருப்பேனாயின், முதல் வரியை எடுத்துக் கொடுக்க மாட்டேன். அதைத் தர்சினி எடுக்கட்டும். நான் இரண்டாவது வரியிலிருந்து வருகிறேன்.