விழிஞ்ஞத்தில் சாத்தானைப் பற்றி நான் எடுத்த வகுப்பு

என் தங்கை ஸ்டெல்லா விழிஞ்ஞத்தில் ஒரு மீனவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். போன மாதம் அவள் மகனுக்கு ஞானஸ்நானம், நான்தான் ஞானத்தாய். சனிக்கிழமை காலை நாகர்கோவிலில் ரயிலேறி எட்டேகாலுக்குத் தம்பானூரில் இறங்கினேன். கிழக்கேகோட்டைக்குப் பதினைந்து நிமிட நடை. அங்கிருந்து விழிஞ்ஞத்துக்குப் பேருந்து, பதினாறு கிலோமீட்டர், இருபத்தைந்து ரூபாய். ஆட்டோக்காரர் முந்நூற்றைம்பது கேட்டார். "பஸ்ஸுல போனா அங்க எத்த உச்சயாவும், கேட்டோ" என்று, போய்ச் சேர மதியமாகிவிடும் எனப் பயமுறுத்தினார். நம்பாதீர்கள், ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தேன்.

சாப்பிடும்போது மறுநாள் சடங்கைப் பற்றிப் பேச்சு வந்தது. சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று பாதிரியார், எங்கள் வழக்கில் சாமியார், கேட்பார். பெற்றோரும் ஞானப்பெற்றோரும் 'விட்டுவிடுகிறேன்' என்று சொல்ல வேண்டும். பைபிள் வகுப்பு எடுக்கிற வாய் சும்மா இருக்குமா?

"நமக்குத்தான் சாத்தான் கடவுள எதிர்த்து விழுந்த தூதன், பகையாளி. யூதருக்கு அவன் கடவுளோட சபையில குற்றஞ்சாட்டுற வக்கீல், வெறும் வேலைக்காரன். உத்தரவில்லாம ஒரு துரும்பையும் அசைக்க முடியாது. பைபிள்ல யோபுவப் படிச்சுப் பாருங்க, கடவுள்கிட்ட உத்தரவு வாங்கித்தான் அந்த நல்லவனோட பிள்ளைகளயும் சொத்தயும் பறிச்சான்" என்று விளாசினேன்.

ஸ்டெல்லாவின் கணவர் சேவியர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு வருடத்துக்கு முன் வள்ளம் கவிழ்ந்து அவருடைய தம்பி இறந்துபோனான்.

"அக்கா, அது சாத்தான் வேலைன்னுதான் நான் மனசத் தேத்தி வச்சிருந்தேன். அவன் வேலைக்காரன்னா, என் தம்பியக் கொண்டுபோக உத்தரவு குடுத்தது ஆரு? நாளைக்கு நான் வரல்ல."

பாதிச் சோற்றில் எழுந்து கடற்கரைக்குப் போய்விட்டார். தகப்பன் இல்லாமல் ஞானஸ்நானமா என்று ஸ்டெல்லா அழ ஆரம்பித்தாள்.

நான் சொன்னதில் பிழையில்லை; இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆனால் யோபுவின் கதை முடிவில் கடவுள் கோபப்படுவது, துக்கத்தில் இருந்தவனுக்கு விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான். நானும் அந்த வேலையைத்தான் பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

நான்கு மணிக்குக் கரைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் வாயைத் திறக்கவில்லை; என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள். கிளம்பும்போது மட்டும், "யோபு கடவுள்கிட்டயே நியாயம் கேட்டான் தம்பி. கடவுள் அவன ஒதுக்கல" என்றேன்.

போகிறவர்களுக்கு: ஞானப்பெற்றோராக நிற்கச் சொந்த ஊர்க் கோயிலின் கடிதம் கட்டாயம் வேண்டும், மறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை பேருந்து குறைவு. யோபுவைப் பற்றிப் பேசுவதானால் சாத்தான் வருகிற முதல் இரண்டு அதிகாரத்தோடு நிறுத்தாதீர்கள்.

ஞாயிறு பத்தரைக்குச் சேவியர் கோயிலில் வந்து நின்றார். சாமியார் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னார். வெளியே வந்ததும் குழந்தையை என் கையில் கொடுத்தார்.

"சாத்தான்கிட்ட எனக்குக் கேக்க ஒண்ணுமில்ல அக்கா. கடவுள்கிட்ட உண்டு. அதுக்காகவே இனி எல்லா ஞாயிறும் வருவேன்."